தொல்லை அழைப்புகளையும் விளம்பரக் குறுஞ்செய்திகளையும் முறையாகப் புகார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிஎன்டி (விளம்பர அழைப்புகளும் செய்திகளும் வேண்டாம் என்ற விருப்பம்) பதிவு செய்தும் விளம்பரம் நிற்கவில்லை, புகார் செய்தும் பயனில்லை என்று சொல்பவர்களின் போனை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் அவர்கள் எல்லாப் படிகளையும் செய்திருப்பார்கள். ஆனால் வரிசை மாறியிருக்கும், அல்லது ஓர் இடத்தில் கொடுக்க வேண்டிய புகாரை வேறோர் இடத்தில் கொடுத்திருப்பார்கள். இந்தியக் கைபேசி எண் வைத்திருப்பவர்கள் எதை எந்த வரிசையில், எங்கே செய்ய வேண்டும் என்பதையும் அந்த வரிசைக்கான காரணத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், வரிசையைப் பார்க்காமல் நேராக 8-ஆம் பகுதிக்குச் செல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

தொல்லை வந்த சிம் கார்டு எது என்பது முதலில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு சிம் போட்ட போன்களில் விளம்பரம் ஒரு எண்ணுக்கு வரும். புகார் எஸ்எம்எஸ் மற்றொரு எண்ணிலிருந்து போகும். விளம்பரத் தொல்லைப் புகார்களுக்கான எண்ணான 1909-க்கு அனுப்பும் புகார், அனுப்பிய எண்ணின் பேரில்தான் பதிவாகும் என்பதால், இந்தப் புகார் எதற்கும் உதவாது. புகார் அனுப்பும்போது எந்த சிம் தேர்வாகியிருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டுள்ள டிஎன்டி செயலியை அதிகாரபூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) டிஎன்டி செயலி என்ற பெயரில் வந்தாலும் அதைத் தொடக்கூடாது. செயலி பயன்படுத்தப் பிடிக்காதவர்கள் 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியும் அழைத்தும் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம்; அது கட்டணமில்லாத எண்.

2. புகார் முடியும் வரை எதையும் அழிக்காதீர்கள், பிளாக் செய்யாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எரிச்சலில் செய்தியை உடனே அழித்து, எண்ணை பிளாக் செய்துவிட்டு, மறுநாள் புகார் கொடுக்க உட்காரும்போது எண்ணும் இருக்காது, நேரமும் நினைவில் இருக்காது. எனவே முதல் வேலை, செய்தி முழுவதும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. அனுப்பியவரின் பெயர் மேலே தெரிய வேண்டும். தேதியும் நேரமும் அதே படத்தில் இருக்க வேண்டும். அழைப்பு என்றால் கால் லாகில் அந்த எண்ணைத் தொட்டு, விவரப் பக்கத்தைப் படமெடுங்கள்.

சில போன்களில் செய்திச் செயலியே இத்தகைய செய்திகளை ஸ்பேம் என்று பிரித்துத் தனிக் கோப்புறையில் ஒதுக்கிவிடும். செய்தி காணவில்லை என்றால் அங்கே தேடுங்கள். அழைப்பு வரும்போது திரையில் ஸ்பேம் என்று காட்டுவதும், எண்ணைக் கண்டறியும் செயலியில் நீங்கள் ஸ்பேம் என்று குறிப்பதும் புகார் ஆகாது. அந்தக் குறிப்பு அந்தச் செயலியோடு நின்றுவிடும். உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் புகாராகப் போய்ச் சேராது.

3. அனுப்பியவர் யார் என்று படியுங்கள்

செய்தியின் உள்ளடக்கத்தைப் படிப்பதற்கு முன் அனுப்பியவரின் பெயரைப் படிக்கப் பழக வேண்டும். புகார் எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

முறையாகப் பதிவு செய்த நிறுவனங்களின் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது; ஹெடர் எனப்படும் சுருக்கப் பெயரிலிருந்து வரும். ஹெடருக்கு முன்னால் இரண்டு எழுத்துகளும் ஒரு சிறு கோடும் இருக்கும். முதல் எழுத்து செய்தியை அனுப்பிய நெட்வொர்க்கையும், இரண்டாவது எழுத்து அது புறப்பட்ட தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். ஆகவே ஒரே வங்கியின் செய்திகள் வெவ்வேறு முன்னெழுத்துகளோடு வந்தால் பதற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் பெயரைத்தான்.

2025-இல் டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, ஹெடரின் கடைசியில் இன்னொரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கின்றன. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசுச் செய்தி. இந்த ஓர் எழுத்தைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓடிபி டி என்ற எழுத்தோடு வந்தால் இயல்பு. ஆடித் தள்ளுபடிச் செய்தி எஸ் என்ற எழுத்தோடு வந்தால், விளம்பரத்தைச் சேவை என்ற பெயரில் நுழைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதைப் புகாரில் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

ஹெடர் எந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பது புரியவில்லை என்றால், டிராயின் எஸ்எம்எஸ் ஹெடர் தளத்தில் அந்தப் பெயரை இட்டுத் தேடலாம். பெயரை வைத்து ஊகிப்பது ஆபத்து. மோசடி செய்பவர்கள் நம்பத் தோதான பெயரைத்தான் தேடிப் பிடிப்பார்கள்.

அழைப்புகளிலும் இதே போன்ற அடையாளம் உண்டு. பதிவு பெற்ற விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும். வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கும் அரசு அழைப்புகளுக்கும் 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து மனை விற்கவோ கடன் தரவோ யாராவது அழைத்தால், அவர் பதிவு பெறாத அழைப்பாளர். விதிமீறல் அங்கேயே நடந்துவிட்டது.

4. புகார் எங்கே போக வேண்டும் என்று பிரியுங்கள்

வெறும் விளம்பரத் தொல்லை என்றால் 1909. ஏமாற்றும் நோக்கம் தெரிகிறது, ஆனால் பணம் போகவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி முயற்சிகளைத் தெரிவிப்பதற்காக உள்ள சக்ஷு பகுதி. பணம் போய்விட்டது என்றால் சைபர் நிதி மோசடிக்கான உதவி எண் 1930.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். "சென்ற மாத மின் கட்டணம் வரவு வைக்கப்படவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்" என்று மின்வாரியத்தின் பெயரில் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது. இதை விளம்பரத் தொல்லையாக 1909-இல் மட்டும் பதிவு செய்தால், கேட்காமல் வந்த வணிகச் செய்தி என்ற கணக்கில்தான் அது பார்க்கப்படும். இது ஆள்மாறாட்டம்; சக்ஷுவுக்குப் போக வேண்டியது. மறுபுறம், துணிக்கடைத் தள்ளுபடிச் செய்தியை சக்ஷுவில் போடுவதும் வீண். அந்தச் செய்தியில் ஏமாற்று எதுவும் இல்லை. நீங்கள் கேட்காமல் வந்தது மட்டுமே அதன் குற்றம்.

ஐயம் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் தன்னை வேறு யாராகவோ காட்டிக்கொள்கிறாரா? ஆம் என்றால் அது மோசடி.

5. டிஎன்டி விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள்

பதிவு பெறாத பத்து இலக்க எண்களுக்கு எதிராகப் புகார் செய்ய, டிஎன்டி பதிவு இப்போது தேவையில்லை; 2025 திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. அப்படியிருக்கப் பதிவு எதற்கு என்று கேட்கலாம். பதிவு பெற்ற நிறுவனங்கள் ஹெடர் வழியாகவும் 140 எண்கள் வழியாகவும் அனுப்பும் விளம்பரங்களை முன்கூட்டியே தடுப்பது இந்தப் பதிவுதான். நீங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யாத வரை, அவர்கள் அனுப்புவதை விதிமீறல் என்று சொல்ல முடியாது.

எளிய வழி, ஸ்டார்ட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, ஓர் இடைவெளி விட்டு 0 என்று சேர்த்து 1909-க்கு அனுப்புவது. இது எல்லா வகை விளம்பரத்தையும் முழுமையாகத் தடுக்கும். சில வகைகளை மட்டும் தடுக்க விரும்பினால் செயலியில் செய்வது நல்லது. வங்கி மற்றும் நிதி, வீட்டுமனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருளும் வாகனமும், தகவல் தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா, உணவு என்று வகைகள் அங்கே பெயரோடு தெரியும். எந்த நேரத்தில் வரலாம், எந்த நாளில் வரலாம், அழைப்பாகவா எஸ்எம்எஸ் ஆகவா என்பதைக்கூட அங்கே தனித்தனியே தீர்மானிக்கலாம். என் கருத்தில், முழுத் தடையை வைத்துவிட்டு, வேண்டுமென்றால் பின்னர் ஒன்றைத் திறப்பதுதான் சிக்கலில்லாதது.

முழுத் தடை வைத்தால் ஓடிபி வராது என்று அஞ்சிப் பலர் தயங்குகிறார்கள். ஓடிபி, வங்கி வரவு செலவுத் தகவல், ரயில் முன்பதிவுத் தகவல் போன்ற பரிவர்த்தனை மற்றும் சேவைச் செய்திகள் இந்தத் தடைக்குள் வரமாட்டா. வீட்டில் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பெரியவர்களின் எண்களைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். தொல்லையும் மோசடியும் அதிகம் தேடி வருவது அவர்களைத்தான்.

6. புகாரை எழுதும் முறை

புகார் ஏற்கப்பட நான்கு விவரங்கள் போதும்: உங்கள் எண், அனுப்பியவரின் எண் அல்லது ஹெடர், தேதி, என்ன வந்தது என்பதன் சுருக்கம். நீங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலேயே உங்கள் எண் தெரிந்துவிடும் என்பதால் எழுத வேண்டியவை மூன்றுதான். முதலில் செய்தியின் சாரம், பிறகு காற்புள்ளி, பிறகு ஹெடர் அல்லது எண், மீண்டும் காற்புள்ளி, கடைசியாக நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி. அழைப்பாக இருந்தால் நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

சாரம் எழுதுவதில்தான் புகாரின் வலிமை இருக்கிறது. "தொல்லை தருகிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால், அது வணிக அழைப்பா, தெரிந்தவர் யாரோ தொந்தரவு செய்கிறாரா என்பதே படிப்பவருக்குத் தெரியாது. "டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனை விற்பனை பற்றிய அழைப்பு, நான் ஒருபோதும் விசாரித்ததில்லை" என்று எழுதினால் விற்கப்பட்ட பொருளும் தெரிகிறது, ஒப்புதல் இல்லை என்பதும் தெரிகிறது. கோபத்தைக் கொட்டும் நீண்ட கடிதத்தைவிட இந்த ஒரு வரி மேல். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தாலும் பரவாயில்லை. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால்தான் எல்லாம் கெடும். எண்ணைக் கையால் தட்டாமல் கால் லாகிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஹெடரை எழுதும்போது முன்னெழுத்துகள், கோடு, கடைசி எழுத்து எதையும் விடாமல் திரையில் இருப்பது போலவே எழுத வேண்டும். நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டு ஹெடரை விட்டுவிடுபவர்கள் பலர். ஒரே நிறுவனத்துக்குப் பல ஹெடர்கள் இருக்கும். தவறு செய்தது எது என்று தெரியாவிட்டால் புகாரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

செய்தி வந்த 7 நாள்களுக்குள் புகார் போய்விட வேண்டும். முன்பு 3 நாள்கள் மட்டுமே இருந்தது. கூடுதல் அவகாசம் கிடைத்துவிட்டதே என்று தள்ளிப்போடாமல், வந்த அன்றே அனுப்பிவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பதிவு பெறாத ஓர் எண்ணின் மீது 10 நாள்களுக்குள் 5 புகார்கள் சேர்ந்தால் தொலைத்தொடர்பு நிறுவனம் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்; முன்பு இந்த வரம்பு 7 நாள்களில் 10 புகார்கள் என்று இருந்தது. மனை விற்பவர் உங்களை மட்டும் அழைத்திருக்கமாட்டார். அதே குடியிருப்பில், அதே தெருவில் பலரை அழைத்திருப்பார். அக்கம்பக்கத்தில் அதே அழைப்பு வந்தவர்களையும் அவரவர் எண்ணிலிருந்து புகார் அனுப்பச் சொன்னால், தனி ஒருவர் முனகிக்கொண்டிருப்பதைவிட விரைவில் வேலை நடக்கும்.

அனுப்பியதும் புகார் எண் ஒன்று எஸ்எம்எஸ் ஆக வரும். அது வந்த பிறகே உங்கள் போனில் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்.

7. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள்

டிஎன்டி முழுத் தடை வைத்திருந்தும் குறிப்பிட்ட சில கடைகளின் விளம்பரம் மட்டும் வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் நீங்களே ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். நகைக்கடையில் சீட்டு சேரும்போது, ஜவுளிக்கடையில் பில் போடும்போது, குலுக்கல் கூப்பனை நிரப்பும்போது, எண்ணோடு சேர்ந்து அந்த ஒப்புதலும் போயிருக்கும். நீங்கள் வெளிப்படையாகக் கொடுத்த ஒப்புதல், டிஎன்டி தடையைத் தாண்டிச் செல்லும். இப்படிப்பட்ட செய்தியைப் புகார் செய்தால், ஒப்புதல் பதிவைக் காட்டிவிட்டு நிறுவனம் தப்பிவிடும். புகார் அத்தோடு மூடப்படும்.

எனவே இங்கே முதலில் செய்ய வேண்டியது ஒப்புதலை ரத்து செய்வது. விளம்பரச் செய்தியிலேயே விலகுவதற்கான வழி தரப்பட வேண்டும் என்பது இப்போதைய விதி. ரத்து செய்தால் 90 நாள்கள் வரை அதே நிறுவனம் மீண்டும் ஒப்புதல் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகும் விளம்பரம் வந்தால் புகார் செய்யுங்கள். அப்போது காட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் இருக்காது.

ஆனால் ஒரு கவனம். விலகும் வழியைப் பயன்படுத்துவது, பதிவு பெற்ற ஹெடரிலிருந்து வரும் செய்திகளுக்கு மட்டுமே பொருந்தும். பத்து இலக்க எண்ணிலிருந்து வந்த செய்தியில் "நிறுத்த இங்கே தொடவும்" என்று இணைப்பு இருந்தால் அதைத் தொடவே கூடாது. பதிலும் அனுப்பக் கூடாது. பதில் போட்டால், இந்த எண் நடப்பில் இருக்கிறது, ஆள் படிக்கிறார் என்று நீங்களே அவர்களுக்கு உறுதி செய்து கொடுத்ததாகிவிடும்.

8. மோசடி என்றால்: சக்ஷுவும் 1930-உம்

பணம் போய்விட்டதென்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறிக்கொண்டே போகும். அது வெளியே எடுக்கப்படுவதற்குள் வழியில் முடக்குவதுதான் இந்த எண்ணின் நோக்கம். கேட்பவை: உங்கள் வங்கியும் கணக்கு எண்ணும், பரிவர்த்தனை எண், தொகை, நேரம், மோசடி செய்தவரின் எண் அல்லது யுபிஐ முகவரி. கூடவே வேறொரு போனிலிருந்து உங்கள் வங்கியை அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்கக் கூடாது. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏமாந்தவர் பதற்றத்தில் போலி வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து இரண்டாவது முறையும் ஏமாறுவது அரிதல்ல. அதன் பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரங்களையும் பதிவு செய்யுங்கள்.

பணம் போகவில்லை, முயற்சி மட்டும் நடந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ சக்ஷு பகுதியைத் திறவுங்கள். அழைப்பா, எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மோசடியின் வகை. கேஒய்சி புதுப்பிப்பு, அரசு அதிகாரி போல ஆள்மாறாட்டம், போலி வாடிக்கையாளர் சேவை என்று பட்டியல் இருக்கும். 2-ஆம் பகுதியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இங்கேதான் பயன்படும். 30 நாள்களுக்குள் வந்த தகவல்தொடர்பை மட்டுமே இங்கே பதிவு செய்யலாம். உங்கள் தனிப்பட்ட வழக்கை விசாரிப்பது சக்ஷுவின் வேலையல்ல. மோசடிக்குப் பயன்படும் இணைப்புகளைக் கண்டுபிடித்துத் துண்டிக்க அது உதவுகிறது. ஆகவே பதில் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்றும் பார்த்துவிடுங்கள். நீங்கள் வாங்காத எண் பட்டியலில் இருந்தால், அது என்னுடையதல்ல என்று அங்கேயே குறிக்கலாம். யாருடைய தொல்லையோ உங்கள் பெயரில் பதிவாகாமல் இருக்க இது உதவும்.

9. வாட்ஸ்அப்பில் வருபவை

வாட்ஸ்அப், டெலிகிராம் செய்திகள் 1909-இன் எல்லைக்குள் வரமாட்டா. செயலியிலேயே ரிப்போர்ட் செய்து பிறகு பிளாக் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது அந்த எண்ணிலிருந்து வந்த கடைசி 5 செய்திகள் அந்த நிறுவனத்துக்குப் போகும் என்பதால், செய்திகளை அழிக்கும் முன் செய்வது அவசியம். தனியுரிமை அமைப்பில் குழுக்களில் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால், பங்குச் சந்தை ஆலோசனைக் குழுக்களின் தொல்லை பெருமளவு குறையும்.

10. புகாருக்குப் பிறகு

பதிவு பெறாத எண்ணின் மீதான புகாரில் நிறுவனம் 5 நாள்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். விதிமீறல் முதல் முறை உறுதியானால் அந்த அனுப்புநரின் எல்லாத் தொலைத்தொடர்பு இணைப்புகளிலும் வெளிச்செல்லும் சேவை 15 நாள்கள் நிறுத்தப்படும். மீண்டும் செய்தால் ஓராண்டுக்கு எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும். அதே ஆள் வேறு எண்ணிலிருந்து அழைத்தால் அதைத் தனிப் புகாராகவே பதிவு செய்யுங்கள். பழைய புகார் எண்ணைச் சாரத்தில் குறிப்பிடலாம்.

புகார் மூடப்பட்டதாகச் செய்தி வந்தால் காரணத்தைப் படியுங்கள். ஒப்புதல் இருக்கிறது என்று சொன்னால் 7-ஆம் பகுதிக்குத் திரும்ப வேண்டும். விவரம் போதவில்லை என்றால், 7 நாள் கெடு முடியாதிருக்கும் பட்சத்தில், திருத்தி மறுபடி அனுப்பலாம்.

புகார் கொடுத்த சில நாள்களில், "டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் எண்ணிலிருந்து சட்டவிரோதச் செய்திகள் போயிருக்கின்றன, இரண்டு மணி நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று ஓர் அழைப்பு வந்தால், அது உங்கள் புகாரின் தொடர்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணைத் துண்டிப்பதாகச் சொல்லி டிராய் யாரையும் அழைப்பதில்லை. எதையும் அழுத்தாமல் வைத்துவிட்டு, கால் லாகைப் படமெடுத்து, இந்த முறை சக்ஷுவில் பதிவு செய்யுங்கள்.